டெக்ஸ்டை ஸ்ட்ரிங் ஆக்கப்போன மாமனார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், கம்ப்யூட்டர் நலம், உங்கள் அத்தையும் நலம்தான்; என்னோடு மட்டும் பேசுவதில்லை. அவளுடைய தையற்கடைப் பக்கமே நான் வரக்கூடாதாம். ரிட்டயர் ஆனவனை மறுபடி ரிட்டயர் ஆக்கினால் தாங்குவானா, சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். துணி தைத்து முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தானாகச் செய்தி போவதற்கு, நீங்கள் கற்றுக்கொடுத்த ஹாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். கோப்பிலிருந்து படித்த பெயர் டெக்ஸ்ட் வகையாம். செய்தியைக் கோக்கும் என் ஃபங்ஷன் கேட்பதோ ஸ்ட்ரிங். புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் வாசலிலேயே மறித்துவிட்டது. இரண்டிலும் இருப்பது அதே எழுத்துதானே மாப்பிள்ளை, அப்புறம் எதற்கு இரண்டு வகை? கிண்டிப் பார்த்தேன். ஸ்ட்ரிங்கில் எழுத்துகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து வரிசையாக நிற்குமாம், டெக்ஸ்டில் நெருக்கி அடுக்கியிருக்குமாம், கம்பி வழியே போக பைட்ஸ்ட்ரிங் என்று மூன்றாவது வேறு. அடடா, எனக்குச் சாப்பாடே மறந்து போச்சு! அப்போதுதான் எதைக் கொடுத்தாலும் ஸ்ட்ரிங்காக்கித் தரும் 'ஷோ' என்ற கட்டளை கண்ணில் பட்டது. போட்டேன். கம்பைலர் மூச்சு விடவில்லை. நானும் குஷியில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பல் டாக்டரம்மா ஃபோனை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 2949, 2990, 3009 என்று ஒரே எண்கள்! ஒவ்வொரு எழுத்தையும் அதன் எண்ணாக மாற்றி வைத்திருக்கிறது அந்த ஷோ. அவரோ அதைத் தன் அளவு என்று நினைத்துவிட்டார்.

"ஏம்மா, என் இடுப்பு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரமா? நான் என்ன தண்ணி டேங்கா?"

"ஐயோ டாக்டர், அது எங்க வீட்டுக்காரர் பண்ண வேலை."

பிறகு உங்கள் அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கம்ப்யூட்டர் ஒத்துக்கிச்சுன்னா அது சரின்னு அர்த்தமா? முதல்ல ஒருத்தருக்கு அனுப்பிப் பார்த்திருக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. அதனால்தான் வலிக்கிறது.

ஆகவே, டெக்ஸ்டை ஒழுங்காக ஸ்ட்ரிங்காக்கும் வழியை உடனே எழுதுங்கள். கடையில் அவள் பக்கத்தில் உட்காராமல் எனக்குப் பொழுதே போகவில்லை. மகளுக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம். இரண்டையும் வகை மாற்றாமல் அப்படியே கொடுக்கவும்.

இப்படிக்கு,
கடைக்கு வெளியே நிற்கும் மாமனார்

பி.கு.: வழி எழுத வேண்டாம். 'அன்பேக்' என்று நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். உடனே உங்கள் அத்தையின் ஃபோன்: "ஏங்க, அந்த நம்பரைப் பார்த்துட்டு அளவு சரிபார்க்க வந்தவங்க எல்லாம் புதுத்துணியும் குடுத்துட்டுப் போறாங்க, என் ஒருத்தியால சமாளிக்க முடியல. அந்தப் புரோகிராம்ல கைய வைக்காம கிளம்பி வாங்க!" அன்பேக்கை எடுத்துவிட்டு ஷோவையே திரும்பப் போட்டுவிட்டேன். செருப்பு மாட்டியாச்சு.