முன்பக்கம் அம்மாவுக்கு, பின்பக்கம் நைனாவுக்கு

லா காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு ஒரு ஊட்ல இருந்தா, அந்த ஊட்டுப் பத்திரத்தயெல்லாம் பீரோவுல பூட்டி சாவிய ஒளிச்சி வெச்சிடணும். அனுபவத்துல சொல்றேன். அந்தப் பொண்ணு நான்தான்.

வேப்பம்பட்டுல எங்களுக்கு ஒரு மனை. ரெண்டு எரும படுத்தா மூணாவது எருமைக்கு எடம் தேடணும் (சரி, ஓவரு. நாலு எரும படுக்கலாம்). நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மா நகையயும் நைனா சேமிப்பயும் போட்டு வாங்கினது. நக போவுதே, பொண்ணுக்கு இன்னா பிடிமானம்னு அம்மா ஊட்டு ஆளுங்க கேட்டதுல, புருஷனும் பொண்டாட்டியும் ஒரு ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்டரே பண்ணிட்டாங்க. ரோட்டப் பாத்த முன்பக்கம் அம்மாவுது, பின்பக்கம் நைனாவுது. அதோட சரி. ஒரு செங்கல் கூட வெக்கல. புல்லு மொளச்சி கெடந்துச்சு. மழ பேஞ்சா தண்ணி நிக்கும், தண்ணில வானம் நிக்கும், வானத்து மேல ஒரு கொக்கு நிக்கும்.

நாங்க வாடகைக்கு இருந்தது கும்மிடிப்பூண்டில. நைனாவுக்கு ஸ்டீல் கம்பெனி, முக்கால்வாசி நைட் ஷிப்ட். அம்மா துணி தைக்கிற கம்பெனில டெய்லர், பகல் வேல. நைனா உள்ள வரும்போது அம்மா வெளிய போவும். வாசப்படில டிபன் பாக்ஸ் கை மாறும், அவ்ளோதான் இல்லறம். போன் பேசலாம்னா, ரெண்டு கம்பெனிலயும் போன கேட்லயே வாங்கி வெச்சிப்பாங்க. அதனால கேஸ் சிலிண்டர் சொல்றதுலேர்ந்து மாத்திர போட்டாரான்னு கேக்கறது வரைக்கும் எல்லாப் பேச்சும் என் வழியாதான். சம்பளம் இல்லாத போஸ்ட்மேன் நானு.

அந்த போஸ்ட்மேனுக்கு ஒரு கனவு இருந்துச்சு. காலேஜுக்கு ரயில்ல ஜன்னலோரம் உக்காந்தா போதும், அந்த மனைல ஊடு எழும்ப ஆரம்பிச்சிடும். மாடி ஊடு. மாடில எனக்கு ஒரு ரூமு, ரூமுக்கு ஒரு பால்கனி, பால்கனில ஒரு ஊஞ்சல். பொன்னேரி தாண்டறதுக்குள்ள பால்கனி கம்பில கொடி ஏறிடும். எண்ணூர் வரும்போது அதுல பூ பூத்துடும். சாயங்கால ரயிலோட மஞ்ச ஜன்னலுங்க ஒண்ணொண்ணா தூரத்துல போவும், நான் டீ குடிச்சிக்கினு பாத்துனு இருப்பேன். பேசின் பிரிட்ஜ்ல யாராவது கால மிதிச்சாதான் முழிப்பே வரும்.

பிளான் போடறவரு ஒருத்தரக் கேட்டேன். நடுவுல கோடு போட்ட மனைல இந்த மாதிரி ஊடு கட்ட முடியாது, ரெண்டு பாதியும் ஒரே பேர்ல இருந்தா லோனுக்கும் ஈசின்னாரு. நமக்குதான் மூள ரயில விட வேகமாச்சே. அம்மாவோட பாதிய நைனாவுக்கு சும்மாவே எழுதிக் குடுக்கற செட்டில்மென்ட் பத்திரம் போட்டுட்டா மேட்டர் ஓவர்னு முடிவு பண்ணிட்டேன்.

அம்மாகிட்ட சொன்னேன். ஊசில நூல் கோத்துக்கினே "பாக்கலாம்"னுச்சு. அத நான் நைனாகிட்ட, "அம்மா குடுத்துடறேன்னு சொல்லிடுச்சு"ன்னு டெலிவரி பண்ணேன். நைனா சோத்தப் பெசஞ்சிக்கினே, அதுக்கு இஷ்டம்னா எனக்கு இன்னான்னாரு. அது அம்மாகிட்ட போவும்போது "நைனா கேக்கறாரு"ன்னு ஆயிடுச்சு.

அம்மா கைல இருந்த துணிய கீழ வெச்சிச்சு. "அவரே கேட்டாரா?"

"ஆமாமா." (பொய் சொல்றோம்னு தோணவே இல்லீங்க. சுருக்கி சொல்றதா நெனச்சிக்கினேன். லா ஸ்டூடன்ட்டு.)

பதிவு அன்னிக்கு நைனா ஷிப்ட் முடிச்சி அப்டியே வந்தாரு, கண்ணு ரெண்டும் மொளகாப்பழம். அம்மா லீவு போட்டு நல்ல பொடவ கட்டினு வந்துச்சு. ரயில்ல நைனா தூங்கிட்டாரு, அம்மா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளிய பாத்துனு வந்துச்சு. சந்தோஷத்துல வாய் பேசலன்னு நான் முடிவு பண்ணிக்கினேன். பத்திரம் எழுதறவரு அம்மாவுக்கு ஒரு தபா படிச்சிக் காட்டவான்னு கேட்டதுக்கு, நானே எக்ஸ்ப்ளைன் பண்ணிட்டேன் சார்னு கெத்தா சொல்லிட்டேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் வராண்டால மாலையும் கழுத்துமா ஒரு ஜோடி கல்யாணத்த பதிய வந்து நின்னுனு இருந்தாங்க. அவங்களத் தாண்டி உள்ள போனோம். ரிஜிஸ்ட்ரார் ஒரு அம்மா. பேப்பரப் பாத்துக்கினே, எல்லாரையும் கேக்கற மாதிரி எங்கம்மாவக் கேட்டாங்க.

"உங்க பங்க வீட்டுக்காரருக்கு எழுதித் தர்றீங்க. யாரும் கட்டாயப்படுத்தலியே?"

"கட்டாயம் இல்லீங்க மேடம். அவரு கேட்டாரு, குடுக்கறேன்."

நின்ன வாக்குல தூங்கினு இருந்த நைனா கண்ணத் தொறந்தாரு. "நான் எங்கமே கேட்டேன்?"

"நீதான கேட்டியாம்."

"நீதான குடுக்கறேன்னு சொன்னியாம்."

"நான் எப்பயா சொன்னேன்?"

அப்புறம் ரெண்டு பேரும் பொறுமையா என் பக்கம் திரும்பினாங்க. ரிஜிஸ்ட்ரார் திரும்பினாங்க. போட்டோ எடுக்கறவரு திரும்பினாரு. கதவாண்ட நின்ன மால போட்ட கல்யாணப் பொண்ணு கூட எட்டிப் பாத்துச்சு. எனக்குத் தெரிஞ்ச அத்தன செக்‌ஷனும் மறந்து போச்சு.

"வெளிய போயி பேசிட்டு வாங்க"ன்னாங்க மேடம். நானும் பின்னாடியே போனேன். நைனா திரும்பாமலே கைய மட்டும் காட்டி நிறுத்திட்டாரு.

எதுத்தாப்ல டீக்கட பெஞ்சு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க. நான் கல்யாண கும்பல்ல ஒதுங்கினேன். பொண்ணு ஊட்டு ஆளுன்னு நெனச்சி எவனோ கைல ஒரு லட்டு வெச்சிட்டான். அதத் தின்னுக்கினே பாத்தேன். வெயிலு, தூசி, லாரி சத்தம், அதுக்கு நடுவுல அம்மா காத்துல ஒரு சதுரம் வரையுது. நைனா அதுக்குப் பின்னாடி இன்னொரு சதுரம் வரையறாரு. அவங்க ரெண்டு பேரும் சேந்து முழிச்சினு இருந்து அவ்ளோ நேரம் நான் பாத்ததே இல்ல.

இன்னா பேசினாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சிது. கம்பெனில அம்மாவுக்கு காலர் தைக்கறது மட்டும்தான். வருஷக் கணக்கா காலர், காலர். ஒரு முழு ஜாக்கெட்ட மொதல்லேர்ந்து கடசி வரைக்கும் தானே தைக்கணும், அதுக்கு ரோட்டப் பாத்து ஒரு கட வேணும். நைனாவுக்கு பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு ரூமு போதும். வெயிலு வரக் கூடாது, கீரக்காரம்மா கொரல் வரக் கூடாது, பகல்ல இருட்டா தூங்கணும். அந்தப் புல்லு மேல நான் ஒருத்திதான் ஊடு கட்டினு இருக்கேன்னு நெனச்சேன். எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டி முடிச்சி குடியும் வந்துட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சி ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே வந்தாங்க. நான் போட்டு வெச்ச பத்திரம் கேன்சல். இன்னொரு நாள் வந்து பழைய ஒப்பந்தத்த அவங்களே மாத்தினாங்க. மனை மொத்தமும் ரெண்டு பேருக்கும் சேத்து, யாரும் யாருக்கும் விட்டுக் குடுக்கல. அன்னிக்கு என்னய ஆபீஸ் உள்ளயே விடல.

இப்ப ஊடு கட்டியாச்சு. முன்னாடி அம்மா கட, பின்னாடி நைனாவோட இருட்டு. என் பால்கனியா? மாடிப்படி மட்டும் இருக்குது. ஏறினா நேரா வானம்.

போஸ்ட்மேன் உத்தியோகமும் அன்னியோட போச்சு. அம்மா சொன்னிச்சுன்னு நான் ஆரம்பிச்சாலே, "அது வாயால சொல்லட்டும்"னு நைனா தூங்கப் போயிடுவாரு. சொந்தக்காரங்க முன்னாடி, காலேஜ் பிரெண்ட்ஸ் முன்னாடி, எங்கயும் இதான். போன மாசம் ஒரு கல்யாணத் தரகர் வந்தாரு. பையனுக்கு உங்க பொண்ண ரொம்பப் புடிச்சிப் போச்சு, ஒரே புடிவாதமா இருக்கான்னு ஒரே புகழ்ச்சி. நைனா பொறுமையா கேட்டுட்டு, "அந்தப் புள்ள வாயால சொல்லட்டும், போனப் போடு"ன்னாரு. தரகர் நெளிஞ்சாரு. நைனா விடல. ஸ்பீக்கர்ல போட வெச்சாரு.

"எங்க பொண்ண புடிச்சிருக்குதாமே தம்பி?"

அந்தப் பக்கத்துலேர்ந்து பாவமா ஒரு கொரல் வந்துச்சு. "எந்தப் பொண்ணு அங்கிள்?"

முன்பக்கம் தையல் மிஷின் டக்குனு நின்னுச்சு. அம்மா சிரிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் போச்சு.