வெளிச்சம் பார்த்து இடம் பிடிப்பவர்

தூணைக் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார் அய்யம்பெருமாள். கூரையிலிருந்து புறா ஒன்று பறந்தது.

"பாத்தியா தங்கச்சி, என்ன விசாலம்!"

குஞ்சம்மாள் புறா எச்சமிட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் மாயவன் தலையாட்டினான். இவருக்குத் தலையாட்டாத புருஷர்கள் குறைவு.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். யார் வீட்டு விசேஷமானாலும் கேட்காமலே இடம் பார்த்துக் கொடுப்பவர். எத்தனை பேர் வருவார்கள், எதற்காக வருகிறார்கள் என்று விசாரிக்க மாட்டார். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார், தூணைத் தட்டுவார், செருப்பைக் கழற்றித் தரையைத் தேய்ப்பார், எப்போதோ மெட்ராசில் ஒரு தொழிற்சாலைக்குள் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். கல்யாண மண்டபமா? "குகை." கோயிலா? "ஒரே புகை." உங்கள் வீட்டு வாசலா? சிரிப்பார்.

அவருக்கு வேண்டியது வெளிச்சம். பெரம்பலூரில், அரியலூர் ரோட்டு ரைஸ்மில்லின் புதுக் கொட்டகையில் அது கொட்டிக் கிடந்தது. இரும்புத் தூண்கள், வெள்ளையடித்த சுவர், கூரை நெடுகக் கண்ணாடி.

குஞ்சம்மாளுக்கு வேண்டியது வேறு. மகள் அம்சவள்ளிக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகும் அதை முடிக்க விடுவோம் என்று வேப்பந்தட்டைச் சம்பந்தி நடராசன் நிச்சயதார்த்தச் சபையில் எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதன் பிறகே தட்டு மாற்றுவது என்று பேச்சு.

"மிஷின் ஓடாதாண்ணே?"

"நீ மேல பாரும்மா."

பத்தரைக்கு வெயில் நேராக ஜமக்காளத்தின் மேல் விழும் என்று நேரத்தையும் அவரே குறித்தார். பத்தரைக்குத்தான் மில்லுக்குக் கரண்டும் வரும். நிச்சயத்தன்று நெல் மூட்டைகளோடு ஆட்கள் பின்பக்கம் காத்திருந்தார்கள். நடராசன் எழுந்து தொண்டையைச் செருமினார். மிஷின் ஓடத் தொடங்கியது.

"செத்த நேரம் நிறுத்துப்பா!" என்று கத்தினாள் குஞ்சம்மாள்.

"ரெண்டு மணி நேரந்தான் கரண்டு! இவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மில் ஆள் பாவாடை கையை விரித்தான்.

நடராசனின் வாய் அசைந்தது. நின்றது. அவர் உட்கார்ந்துவிட்டார். வெயிலோ ஜமக்காளத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது; அய்யம்பெருமாளுக்குப் பொறுக்குமா? தாம்பாளத்தை மாயவன் கையில் திணித்து, குஞ்சம்மாளின் காதருகே வந்து அலறினார்: "அதான் சொல்லிட்டாருல்ல! மாத்துங்க!"

சபை முழுக்க அவளைப் பார்த்தது. அவளும் தாம்பாளத்தில் கை வைத்தாள்.

மறுநாள் காலை குஞ்சம்மாள் வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறினாள். நடராசன் காப்பி கொடுத்தார். "வந்தவங்கள வாங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான். படிப்பப் பத்திச் சொன்னத காதால கேட்டேன்னு ஒருத்தர அழைச்சிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

மத்தியானம் ஊர் திரும்பி, நிச்சயத்துக்கு வந்திருந்த பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கினாள். ஒருவர் காதிலும் எதுவும் விழுந்திருக்கவில்லை. எல்லா வீட்டிலும் இடம் பிரமாதம் என்றார்கள். நாலு வீட்டில், தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அந்தக் கொட்டகை கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அதில் எது உங்கள் வீடு என்று நான் கேட்கப்போவதில்லை.