நெல்சனின் முதல் சிப்பு

நெல்சன் ஆக்சிலேட்டரைத் திருகினார். சவரிநாதனின் பேட்டரி சைக்கிள் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் வந்து, பின்னே நின்றிருந்த சவரிநாதனின் முழங்காலில் இடித்தது.

"இன்னா நெல்சா, ரிவர்ஸ் கியரும் வச்சிட்டியா? ரெண்டு மணிக்கு ஹார்பர் கேட்டுல நான் இருக்கணும்பா!"

மழையில் நனைந்து சைக்கிளின் பழைய சிப்பு கருகிவிட்டது; புதிதை நெல்சன் இப்போதுதான் மாட்டியிருந்தார். காலையில் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வரும் வழியில் முன்சக்கரம் பஞ்சர் வேறு. எதிர்க்கடை மாரியப்பன் ஒட்டிக் கொடுத்தார். அந்தச் சக்கரத்துக்குள்தான் மோட்டார். அதன் மூன்று ஒயருக்கும் முறை வைத்து கரண்டு கொடுப்பது சிப்பு.

தண்டையார்பேட்டையில் இருபது வருடமாக ஃபேன், மோட்டார்களுக்குக் காயில் கட்டும் நெல்சன், சிப்பு மாற்றுவது இதுவே முதல் முறை. முதலாளி மஜீது பாய் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இது சொதப்புச்சின்னா சிப்பு வேலைய வெளிய குடுத்துடுவேன். நீ காயிலே சுத்திகினு இரு."

"ரெண்டு ஒயர மாத்திப் போட்டா சரியாப்பூடும் பாய்" என்றார் நெல்சன்.

போட்டார். சக்கரம் எந்தப் பக்கமும் போகாமல், குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறியது.

"சென்சார் ஒயரையும் மாத்தணும் பாய்."

மாற்றினார். சைக்கிள் மறுபடி பின்னால்தான் போனது, முன்னைவிட வேகமாக. வாசலில் அடுக்கியிருந்த டேபிள் ஃபேன்கள் நான்கும் சாய்ந்தன.

"பேஜாரா பூட்ச்சே! சிப்ப கழட்டுய்யா" என்றார் மஜீது பாய்.

"ஒரே தபா பாய்."

எந்த நிறம் எதோடு என்று அட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டு, நெல்சன் மீண்டும் இணைத்தார். சைக்கிள் சமர்த்தாக முன்னால் ஓடி, தெருமுனை வரை போய்த் திரும்பியது. சவரிநாதன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"போர்டுல 'சிப்பும் மாற்றித் தரப்படும்'னு எழுதிடு நெல்சா" என்று தோளில் தட்டிய மஜீது பாய், இருவரையும் டீக்கு அழைத்துப் போனார்.

திரும்பி வந்ததும் சவரிநாதன் ஏறி உட்கார்ந்து திருகினார். சைக்கிள் விருட்டென்று பின்னால் வந்து, மஜீது பாயின் கைலியில் கரிக்கோடு போட்டது.

மஜீது பாய் கடைப் போர்டை நிமிர்ந்து பார்த்தார். நெல்சன் தானாகவே காயில் கம்பியைக் கையில் எடுத்தார்.

எதிர்க்கடையிலிருந்து ஸ்பேனரைத் துடைத்தபடி ஓடி வந்தார் மாரியப்பன்.

"கவலப்படாத நைனா, உன் சிப்பு தங்கம்! காலைல பஞ்சர் ஒட்டிட்டு, சக்கரத்த நான்தான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன், அதான் ரிவர்ஸ்ல ஓடிச்சி. நீங்க டீக்குப் போன கேப்புல நேரா மாட்டி வச்சிட்டேன்!"