கஞ்சிக்குப் பொருந்தாத சமன்பாடு

பரீட்சையில் நன்றாக எழுதிவிட்ட ஒன்றை உண்மையாகவே புரிந்துகொண்டுவிட்டதாக நம்புவது ஒரு நோய். எனக்கு அது இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் வந்தது. காய்ச்சலாக இருந்தால் என்னோடு போயிருக்கும். இது தெருவையே பாதித்தது.

அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாய்ம இயக்கவியல் பாடம். பெர்னூலி சமன்பாட்டைத் தருவிக்கும் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஓடுகிற பாய்மத்திலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கற்பனையில் வெட்டி எடுக்க வேண்டும். அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தையும் அதன் எடையையும் நியூட்டனின் இரண்டாம் விதிக்குள் போட வேண்டும். ஓட்டத்தின் பாதை நெடுகத் தொகையிட்டால், ஒரே மட்டத்தில் அழுத்தம் குறைகிற இடத்தில் வேகம் கூடும் என்ற உண்மை கையில் வந்து விழும். இதற்கெல்லாம் முன்பாக எடுகோள்களை எழுத வேண்டும்: ஓட்டம் சீரானது, அடர்த்தி மாறாதது, பாகுநிலை, அதாவது பாய்மத்தின் பிசுபிசுப்பு, கிடையாது. எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று பேராசிரியை எச்சரித்திருந்தார். எழுதினேன். (பிள்ளையார் சுழி போடுற மாதிரிதான். அதப் போய் யாரு படிப்பா?)

அக்காவின் முகூர்த்தப் புடவையை எங்கள் தறியிலேயே அப்பா நெய்வதென்று முடிவாகியிருந்தது. அரக்குச் சிவப்பில் பாவு தயார். பாவு என்பது புடவையின் நீள இழைகள். தறியில் ஏற்றுமுன் அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, மெல்லிய அரிசிக் கஞ்சி தடவி, வெயில் உறைக்குமுன் காயவிட வேண்டும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் அந்தப் பாவு அவ்வளவுதான். கல்யாணம் நெருங்கிவிட்டது. இன்னொரு பாவுக்கு நேரமில்லை.

அன்று காலை கஞ்சி போட வர வேண்டிய ஆட்கள் வரவில்லை. மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் புடவையின் நிறம் பார்க்கப் போளூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். அப்பா தெருமுனையைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். தேவிகாபுரத்து மாமா தன் வயலுக்கு மருந்தடிக்க வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் எங்கள் வீட்டில் வைத்திருந்த தெளிப்பானை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“கையாலயே போட்டுடலாம்மா. நாலு பேரு சேந்தா ஜல்தியா முடிஞ்சிடும்” என்றார் அப்பா.

“யப்பா, நான் எல்லாம் கணக்கு போட்டு வெச்சிகினுதான் வந்திருக்கேன். ஒரே சீரா பூ மாதிரி விழும், பாரு.”

“ஏய் பானு, அது என் பொடவடி” என்றாள் அக்கா.

“அதனாலதான் நானே பண்றேன்.”

கஞ்சியையும் நானே காய்ச்சினேன். தெளிப்பது கொஞ்சமாகத்தான் விழும் என்பதால் கெட்டியாகக் காய்ச்சினேன். முறைப்படி ஒரு டம்ளர் கஞ்சியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எடை. அடர்த்தி ஒன்றுதான்; ஆகவே கஞ்சி தண்ணீரைப் போலவே பாயும் என்று முடிவுகட்டினேன். (வெளக்கெண்ணெய் தண்ணியவிட லேசு. அது எப்படி ஓடும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும்.)

முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு பம்ப்பை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. சூத்திரப்படி உள்ளே அழுத்தம் கூடினால் வெளியே பாயும் வேகம் கூட வேண்டும். மேலும் அடித்தேன். எச்சில் மாதிரி ஒரு சொட்டு வந்தது. எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, “இன்னாடி, பாவுக்குப் பூச்சி வந்துடுச்சா?” என்று கேட்டார். நான் முனையிலிருந்த சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, முழு பலத்தோடு அடித்தேன்.

குழாயில் ஆறி உறைந்திருந்த கஞ்சி கட்டியாக வெளியேறியது. முதல் பகுதி இட்லி மாவு விழுவதுபோல் பாவின் நடுவில் விழுந்தது. நான் பதறித் திரும்பினேன். கையிலிருந்த குழாயும் என்னோடு திரும்பியது. வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, இடது தோளிலிருந்து சட்டைப்பை வரை மிச்சம் போய்ச் சேர்ந்தது.



அவர் சட்டையைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். “இன்னா பாப்பா இது?”

“கஞ்சிங்க. அழுத்தம் கொஞ்சம்...”

“எந்த அரிசி?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “நீங்க குடுத்தனுப்பினதுதாங்க.”

அவர் போளூரில் அரிசி மில் வைத்திருப்பவர். “அப்படிச் சொல்லுங்க. நம்ம அரிசில பச ஜாஸ்தி” என்றார், பெருமையோடு. அடுத்த நொடி பாவைப் பார்த்தவர் முகம் மாறியது. “இது காயறதுக்குள்ள இன்னா பண்ணணும் சம்பந்தி?”

“வெந்நில தொட்டுத் தொட்டு இழை இழையா பிரிக்கணும். எல்லாரும் கை வெச்சாதான் ஆவும்” என்றார் அப்பா.

சம்பந்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாவின் அருகில் வந்துவிட்டார். அப்பா, அம்மா, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் இருபக்கமும் நின்றார்கள். மாப்பிள்ளை எங்கே நிற்பதென்று தெரியாமல் அக்காவுக்கு நேர் எதிரே போய் நின்றார். நானும் கையை நீட்டினேன்.

“நீ வெந்நி மட்டும் கொண்டா. கணக்கெல்லாம் வேணாம்” என்றார் அப்பா.

கொண்டுவந்தேன். வெயில் ஏற ஏற, அக்கா இழைகளைப் பார்க்காமல் வானத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நான் எழுதிய எடுகோள்களில் கடைசி வரி முதல்முறையாக எனக்குப் புரிந்தது. பாகுநிலை கிடையாது என்றால், அது இல்லாத இடத்தில் மட்டும்தான் இந்தச் சமன்பாடு செல்லும் என்று அர்த்தம்.

பாவு பிழைத்தது. கடைசிக் கட்டியைப் பிரித்து முடித்ததும் அப்பா களைத்துப்போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை பெண் பார்த்த அன்று தலையாட்டியதோடு சரி என்றிருந்த அக்காவும் மாப்பிள்ளையும் பாவின் இருபுறமும் நின்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க தங்கச்சி எப்பவுமே இப்படித்தானா?” என்பதாம். ஆமாம் என்றாளாம்.

நான் இப்போது பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். யார் என்ன கேட்டு வந்தாலும் குழாயில் ஓடப்போவது எது என்பதுதான் என் முதல் கேள்வி. அலுவலகத்தில் இதை அனுபவம் என்கிறார்கள். வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

அன்று வெயிலில் சம்பந்தியின் சட்டையும் காய்ந்தது. இடது பக்கம் மட்டும் பலகைபோல் விறைத்து நின்றது. எந்த லாண்டரியிலும் இப்படி ஒரு கஞ்சி கிடைக்காது என்று கல்யாண மண்டபத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் உறவில் ஒரு விசேஷம் வந்தால் போளூரிலிருந்து எனக்கு ஃபோன் வரும்.

“பாப்பா, சட்ட தொவச்சி வெச்சிருக்கேன். லெஃப்ட் சைடு ஆயிடுச்சி. ரைட் சைடு எப்ப போடப்போறே?”