பாதி கங்கா ஸ்நானம்

தலை தீபாவளிக்கு மயிலாப்பூர்ல மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும்.

அதையும் கோட்டை விட்டேன்!

தொண்ணூறுகள்ல நடந்த கூத்து இது. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு சின்ன ஷாம்பு கம்பெனியில கெமிஸ்ட்டா இருந்தேன். மாமனாருக்கு அதுல பெரிய மதிப்பு இல்லை. யார் கேட்டாலும், "மாப்பிள்ளை சோப்பு காய்ச்சறார்"னு முடிச்சுடுவார். எனக்குப் பத்திண்டு வரும். இந்தத் தடவை மனுஷரை அசத்தியே தீரணும்னு, நானே தயாரிச்ச புது ஷாம்புவைக் கையோட எடுத்துண்டு போனேன்.

முதல் நாள் சாயங்காலமே லெக்சர் ஆரம்பம். "மத்த ஷாம்பு எல்லாம் முடியை வறட்டிடும் மாமா. இது தேங்காயெண்ணெய்லேர்ந்து பண்ணின சாதுவான சரக்கு. குழந்தைக்குக்கூடப் போடலாம். தலையில இருக்கற எண்ணெயைத் தொடவே தொடாது!"

"ஓஹோ"ன்னார் மாமா. அவ்வளவுதான்.

விடியக்காலையில மாமியார் என்னை மணையில உட்கார வச்சு, உச்சந்தலையில நல்லெண்ணெய் வச்சார். புது மாப்பிள்ளைங்கற பாசத்துல கிண்ணத்தையே கவுத்துட்டார்.

"சீயக்காய் உள்ளே வச்சிருக்கேன் மாப்பிள்ளே."

"அதெல்லாம் எதுக்கு மாமி? நம்ம ஷாம்பு இருக்கே!"

போட்டேன். நுரையே வரலை. நல்ல ஷாம்புவுக்கு நுரை முக்கியமில்லைன்னு எனக்கு நானே சொல்லிண்டேன். தண்ணி ஊத்தினேன். தலை முன்னைவிடப் பளபளன்னு இருந்தது!

ஷாம்புன்னா ஒரு கையால எண்ணெயையும் இன்னொரு கையால தண்ணியையும் பிடிச்சு, ரெண்டையும் சேர்த்து வெளியே கூட்டிண்டு போகணும். நம்ம சரக்கு ரொம்ப சாதுவாச்சே! எண்ணெயோட கை குலுக்கிட்டு, அது மட்டும் கிளம்பிப் போயிடுத்து.

மறுபடி போட்டேன். மறுபடி ஊத்தினேன். பாட்டில் காலி.

வெளியே மாமா, மச்சினன், என் பொண்டாட்டி எல்லாரும் தலையில எண்ணெயோட க்யூ. பக்கத்து வீட்டுக்காரர் வாசல்லேர்ந்து குரல் குடுத்தார். "என்ன சார், கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"மாப்பிள்ளை உள்ளே போயிருக்கார். கங்கை இன்னும் ஓடிண்டே இருக்கு"ன்னார் மாமா.

பொண்டாட்டி கதவைத் தட்டினா. "ஏன்னா, அது எல்லாருக்கும் போட்ட வெந்நீர். மிச்சம் இருக்கோல்லியோ?"

அண்டாவை எட்டிப் பார்த்தேன். அடியில ஒரு சொம்புத் தண்ணி! மானம் போனா போறதுன்னு சீயக்காயை அள்ளித் தலையில அப்பினேன். அந்த ஒரு சொம்பையும் ஊத்தினேன். எண்ணெயும் போகலை, சீயக்காயும் போகலை. ரெண்டும் சேர்ந்து அடை மாவு பதத்துல தலையில உட்கார்ந்துடுத்து.

அந்தத் தலையோடயே புது வேஷ்டி, சட்டையைப் போட்டுண்டு வெளியே வந்தேன். காலர்ல எண்ணெய் வழியறது. வெட்கம் பிடுங்கித் தின்னுது.

மாமா கையில பச்சைத்தண்ணி வாளியோட நின்னுண்டிருந்தார். என் தலையை நிதானமாப் பார்த்தார்.

"நீங்க நேத்தே சொன்னேளே மாப்பிள்ளே, எண்ணெயைத் தொடவே தொடாதுன்னு!"