எழுபத்திரண்டுக்கு மேல் ஏறாத பேனா

மார்க் கஞ்சர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருப்பார். சொந்த ரத்தத்தை எடுத்துக் கொடுப்பதுபோல் மதிப்பெண் போடுகிறவர்.

நான் சொல்லப்போகிறவர் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் 'எழுபத்திரண்டு'. இருபத்துமூன்று வருடங்களில் அவர் பேனா அந்த எண்ணைத் தாண்டியதில்லை. விடைத்தாளை எடுத்தால் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், படி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார், எல்லாம் சரியாக இருந்தால் முகம் வாடிவிடும், எங்கேயாவது ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தால் பளிச்சென்று மலர்ந்துவிடும். தப்பே இல்லையென்றால்? 'தெளிவு போதாது.' வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மனைவியின் சமையலுக்கு இதுவரை கிடைத்த உச்சபட்சப் பாராட்டு, "சாப்பிடலாம்."

"நான் போடுற எழுபது, மத்தவங்க போடுற தொண்ணூறுக்குச் சமம்" என்பார். மற்றவர்களுக்கு அது தெரியுமா என்று அவர் யோசித்ததில்லை.

கடைசி வருட வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், தச்சரின் மகள். பாடப் புத்தகத்திலேயே ஒரு கணக்கு தப்பு என்று எழுந்து நின்று காட்டியவள். அன்று முழுக்க இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு முழுசாக எழுபத்திரண்டு போட்டார். போட்டுவிட்டு, கை தாராளமாகிவிட்டதோ என்று கவலையும் பட்டார்.

அந்த வருடம் அதே கல்லூரியின் மேற்படிப்புக்குப் பல ஊர்களிலிருந்தும் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. "புள்ளியியல்ல எழுபத்தஞ்சுக்குக் கீழ இருந்தா எடுக்கவே கூடாது. தரம்னு ஒண்ணு வேணாமா?" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டியவர் நம்மவர்தான். வடிகட்டும் பொறுப்பும் அவருக்கே வந்தது. பெயர்கள் மறைக்கப்பட்ட பட்டியல். உற்சாகமாக அடித்துத் தள்ளினார்.

நான்காம் நாள் அந்தப் பெண் அவர் அறை வாசலில் நின்றாள்.

"சார், லிஸ்ட்ல நான் இல்ல."

"எந்த மடையன் உன்னை வேண்டாம்னான்?"

"எழுபத்தஞ்சு வேணுமாம் சார். உங்க பேப்பர்ல எனக்கு எழுபத்திரண்டு." அவள் தரையைப் பார்த்தாள். "மருந்துக்கடையில ஆள் கேக்கறாங்க. திங்கக்கிழமை சேரணும்னு அப்பா சொல்லிட்டாரு. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பேராசிரியர் அடுத்த நிமிடம் துறைத் தலைவியின் அறையில் நின்றார். அந்த அம்மாள் ஒரு காலத்தில் இவரிடம் படித்தவர்.

"அது வெறும் எழுபத்திரண்டு இல்லம்மா! நான் போட்ட எழுபத்திரண்டு!"

"அது தாள்ல தெரியாதே சார்." அவர் மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கு நீங்க போட்டது அறுபத்தெட்டு. அதனாலயே ஒரு வருஷம் இடம் கிடைக்காம வீட்டுல உக்காந்திருந்தேன்."

"நீயா? நீ நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே!"

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெள்ளைத்தாள் கேட்டார்.

மதிப்பெண் போட்டவரே காரணத்தை எழுதிக் கொடுத்தால் அதைத் திருத்த விதியில் இடமிருந்தது. உட்கார்ந்தார். நாலு தாளைக் கிழித்துப் போட்டார். பிறரைப் பற்றிக் குறை எழுதிப் பழகிய கை, தன்னைப் பற்றி எழுத இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்தது மூன்றே வரி: 'இம்மாணவியின் விடைத்தாளில் பிழை ஏதும் இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தது என் பழக்கம். அதற்கு அவர் பொறுப்பல்லர்.'

திங்கட்கிழமை மருந்துக்கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். தச்சரின் மகள் மேற்படிப்பு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அடுத்த தேர்வில் ஒருவனுக்கு எண்பது போட்டார். பிறகு கையெழுத்து சரியில்லை என்று அரை மதிப்பெண் எடுத்துக்கொண்டார். அதுவே பெரிய காரியம், விடுங்கள்.

நாம்தான் வாத்தியார் இல்லையே என்று சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். இதைப் படித்ததற்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள்? ஏழா? நன்றி. அந்த மூன்று எங்கே போயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.