ஒயர் சாரும் இல்லாத பெட்டியும்

பீர்மேடு மலை முழுக்கத் தேடினாலும், கட்டடத்துக்குள் குடையை விரித்துவிட்டு, தான் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கும் ஆள் ஒருவர்தான் கிடைப்பார். தேயிலை ஃபாக்டரி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்த, எந்நேரமும் கையில் ஒயரோடு திரிந்த ஒயர் சார். கூரை ஒழுகினால் குடை கம்ப்யூட்டருக்கு, மழை சாருக்கு.

அந்த ஆபீசைக் கூட்டித் துடைத்தவள் நான். அப்போது எனக்கு என் பேரை மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஆனால் என் துடைப்பத்துக்கு ஒரு தூசி தப்பியதில்லை. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஒரு மழையில் மூன்று கம்ப்யூட்டரும் குளித்துச் செத்தன. இலை எடை, ஸ்டோர், ஆள் வருகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மேனேஜர் துரை ஒரே ஒரு புதுசு வாங்கிக் கொடுத்தார்.

"சனிக்கிழமைக்குள்ள மூணு வேலையும் இதுல ஓடணும். இல்லேன்னா ஆபீசைப் பூட்டி எல்லாத்தையும் டவுனுக்கு அனுப்பிருவேன்."

பூட்டினால் சாருக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

சார் அசரவில்லை. அந்த ஒன்றுக்குள்ளேயே புரோகிராம் போட்டு மூன்று கம்ப்யூட்டரை உண்டாக்கி, மூத்தவ, நடுவுலவ, சின்னவ என்று பேரும் வைத்தார்.

"கண்ணுல காணலையே சார்?"

"உள்ள இருக்காளுவ, பாக்கியக்கா. இனி அவளுவ பேசிக்கிட, மூணு பேரையும் ஒரு ஸ்விட்ச் பெட்டில கோக்கணும்."

"பெட்டி எங்க?"

"அதுவும் உள்ளதான்."

"ஒயரு?"

"அதுவும்தான்."

ஒயர் சாருக்கே ஒயர் இல்லையா! துடைப்பத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

மூத்தவளும் நடுவுலவளும் இரண்டே நாளில் வேலையை ஆரம்பித்தார்கள். வாசலில் ஆட்கள் விரல் வைக்கும் மெஷினோடு பேச வேண்டிய சின்னவள் மட்டும் வாயே திறக்கவில்லை. சார் சோறு மறந்தார். "ஏட்டி சின்னவளே, அக்காமாரப் பாத்துப் படி" என்று திரையிடம் கெஞ்சினார்.

சனிக்கிழமை காலை. துரையின் ஜீப் வளைவேறும் சத்தம்.

"ஏன் சார் கெடந்து சாவுதீய? அக்காமாரக் கோத்த பெட்டிலதான் அவளையும் கோத்தியளா? அதப் பாருங்க மொதல்ல" என்றேன்.

பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இரண்டு ஸ்விட்ச் இருந்தன. ஒன்று வெளியே பேசுவது. மற்றது, சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க முதலில் செய்தது. வெளியே யாரோடும் பேசாது. சின்னவள் அதில் மாட்டிக் கிடந்தாள்.

"அந்த ஊமைக்கு என்ன பேரு வச்சிய?"

"துரை" என்றார் மெதுவாக.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். "அப்ப பேசுறதுக்கு?"

சார் சின்னவளை அவிழ்த்து மற்றதில் கோத்தார். திரையில் மூன்று கோடுகள் ஒரு கட்டத்தில் வந்து சேர்ந்தன. கட்டத்துக்குள் தமிழில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டினேன். பாக்கியம்.

"என் பேரா சார்?"

"இந்த ஆபீசுல எல்லாரும் ஒங்க வழியாத்தானக்கா பேசிக்கிடுதோம்!"

சின்னவள் பேசினாள். துரை வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆபீசைப் பூட்டவில்லை.

நான் வேலையிலிருந்து நின்றாயிற்று. சாரும் வேறு மலைக்குப் போய்விட்டார். என் பேர் மட்டும் இன்னும் உள்ளே வேலை பார்க்கிறதாம். மழை பிடித்தால், அங்கே அந்த மனுஷனுக்கு யாராவது குடை பிடிக்கிறார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.